மஞ்சள் கடவையில் ஓட்டம்

புலம்பெயர்ந்து வந்த ஊரில், டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களைத் துப்புரவு செய்யும் வேலை எனக்கு. அன்று காலை வேலை முடிந்து, முழங்கால் நோவோடு நான் குடியிருக்கும் லாசாலில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். நடப்பவர்கள் வீதியைக் கடக்கும் மஞ்சள் கடவையில் ஒரு கார் எனக்காக நின்றது. யாராவது நின்றால், மன்னிப்புக் கேட்பதுபோலக் கையை உயர்த்திவிட்டு ஓடுவது என் வழக்கம். அன்றும் ஓடினேன். நடு வீதியில் ஐஸில் சறுக்கி, “ஐயோ அம்மா!” என்று விழுந்தேன்.

காரில் இருந்தவர் இறங்கி ஓடிவந்தார். தலை நரைத்த தமிழர்.

“தங்கச்சி, அடிபட்டதோ?”

“இல்லை அண்ணை. உங்களை மினக்கெடுத்திப்போட்டன்.”

“நீங்கள் நடக்கத்தானே நான் நிப்பாட்டினனான்? ஏன் ஓடுறியள்?”

பின்னால் கார்கள் ஹாரன் அடித்தன. அவர் திரும்பியும் பார்க்காமல், என்னைக் கைத்தாங்கலாக மெல்ல எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விட்டார்.

இத்தனை வருடமும் இந்த ஊரில் எனக்கு உரியதையும் இரவல் வாங்கியதுபோல ஓடித்தான் கடந்திருக்கிறேன். இப்போது நடக்கிறேன். கை மட்டும் இன்னும் தானாக உயர்ந்துவிடுகிறது.