பெரியப்பா எழுதாத சீட்டு

ஆண்டவருடைய அன்பில் எனக்குக் கூடப்பிறந்தவர்களாகிய உங்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெபித்து எடுத்த சீட்டுக்கு நான் கீழ்ப்படியவில்லை. அது தெரிந்து என்னோடு பேச்சை நிறுத்தியவர்களும் இதை வாசிப்பீர்கள். முழுவதையும் வாசித்துவிட்டு அதன் பிறகும் கோபம் வந்தால் கோபப்படுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை.

என் பெயர் பியூலா. பிறந்தது சாத்தான்குளம் பக்கம், வாழ்க்கைப்பட்டது தூத்துக்குடியில். வீட்டுக்காரர் துறைமுகத்தில் டிரெய்லர் லாரி ஓட்டுகிறார். ஒரே மகள். நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒன்பது வருடம் ஆயாவாக வேலை பார்த்தேன். பெட்பான் எடுப்பேன், படுக்கை மாற்றுவேன், நடக்க முடியாதவர்களைத் தூக்கி உட்கார வைப்பேன். அதில் எனக்கு ஒரு நாளும் வெட்கம் இருந்ததில்லை.

ஆனால் ஒரு வேதனை இருந்தது. வார்டில் ஒருவருக்கு மூச்சு மாறினால், பல நேரம் அது என் கண்ணுக்குத்தான் முதலில் படும். தெரிந்து என்ன செய்ய? "சிஸ்டர், சீக்கிரம் வாங்க" என்று கத்தலாம். அவர் வரும்வரை கையைப் பிசைந்துகொண்டு நிற்கலாம். அப்படி நின்ற ஒரு மத்தியானம், வயதான ஒரு அம்மா என் கையைப் பிடித்தபடியே போய்விட்டார். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். நானும் நர்ஸிங் படிக்க வேண்டும்.

பிளஸ் டூவில் சயின்ஸ் குரூப் எடுத்து நல்ல மார்க் வாங்கியவள் நான். அப்பா இறந்ததோடு படிப்பு நின்றுபோனது. இத்தனை வருடம் கழித்து விசாரித்தபோது, மூன்று வருட நர்ஸிங் டிப்ளமோவுக்கு வயது வரம்பு இருக்கிறது என்றார்கள். கணக்குப் பார்த்தால் அந்த வருடத்தை விட்டால் எனக்கு வயது தாண்டிவிடும்.

என் முன்னால் மூன்று இடங்கள் இருந்தன. இரண்டு, நம் ஊரிலேயே உள்ள சமுதாயக் கல்லூரிகள். ஒரு வருடத்தில் நர்ஸிங் உதவியாளர் சான்றிதழ் தருவார்கள். வீட்டிலிருந்தே டவுன் பஸ்ஸில் போய் வரலாம். மூன்றாவது, திருநெல்வேலிப் பக்கம் ஒரு நர்ஸிங் பள்ளி. மூன்று வருடம் விடுதியில் தங்க வேண்டும். முடித்தால் அரசு நர்ஸிங் கவுன்சிலில் பெயர் பதிவாகும், ஊசி எடுத்த கைக்கு ஒரு அதிகாரம் இருக்கும். என் மனம் முழுக்க அங்கேதான் இருந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நீ போ. புள்ளைய நான் பாத்துக்கிடுதேன். பகல் டியூட்டியா மாத்திக் கேட்டாப் போச்சு" என்றார். அவர் அதிகம் பேசமாட்டார். அன்றைக்குப் பேசியது அவ்வளவுதான்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமோ, வீடு வாங்குவதோ, படிப்போ, எதுவானாலும் பெரியப்பா சீட்டுப் போட்டு ஜெபிப்பார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், சபைக் கமிட்டியில் இருக்கிறார். அப்பா போனபின் எங்களுக்கெல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம். எங்கள் சர்டிபிகேட்கள்கூட அவர் வீட்டு இரும்பு பீரோவில்தான் இருக்கும். பெரியப்பா தன் கையாலேயே சீட்டு எழுதிச் சுருட்டிச் செம்பில் போடுவார். எல்லாரும் முழங்கால் போடுவோம். யாருக்கான காரியமோ அவரே ஒரு சீட்டை எடுக்க வேண்டும். எடுக்காத சீட்டுகளை யாரும் பிரிக்கக் கூடாது. அப்படியே அடுப்பில் போட்டுவிட வேண்டும். கர்த்தர் வேண்டாம் என்று விட்டதை மனுஷன் எட்டிப் பார்க்கக் கூடாது என்பார்.

ஆகஸ்ட் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து பெரியப்பா வீட்டில் கூடினோம். மூன்று இடங்களின் பெயரையும் அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். செம்பில் மூன்று சீட்டு கிடந்தது. என் கையாலேயே ஒன்றை எடுத்தேன். டவுனுக்குள் இருக்கும் சமுதாயக் கல்லூரியின் பெயர். எல்லாரும் "ஆமென்" என்றார்கள். பெரியம்மா என்னைக் கட்டிப்பிடித்து, "பக்கத்துலயே குடுத்துட்டாரு பாத்தியா" என்றார். மீதிச் சீட்டு இரண்டையும் அடுப்பில் போடச் சொல்லி என் கையில் கொடுத்தார்கள். அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரியிலிருந்து போன். ஆள் வரவில்லை, உடனே டியூட்டிக்கு வா என்றார்கள். சீட்டுகளைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். அப்புறம் மறந்தே போனேன்.

அந்த வாரம் நான் ஜெபிக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன். ஆண்டவர் என் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக நினைத்தேன். ஆயாவாகப் பிறந்தவள் ஆயாவாகவே இரு என்று அவரும் சொல்லிவிட்டால் பிறகு யாரிடம் போய் முறையிடுவது? அழுகைகூட வரவில்லை.

செவ்வாய்க்கிழமை அந்தக் கல்லூரிக்குப் போனேன். மேஜையில் இருந்த அண்ணாச்சி விண்ணப்பப் பாரத்தை நீட்டினார். நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "அண்ணாச்சி, இங்க படிச்சு முடிச்சா கவுன்சில்ல பேரு பதியுமா?"

அவர் சிரித்தார். "ஏளா, வேலைதான் கெடைக்குதே. பேரு எதுக்கு?"

அவரையும் குறை சொல்ல மாட்டேன். அந்தப் படிப்புக்கும் ஒரு உபயோகம் இருக்கிறது, வீட்டில் கிடக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஆனால் எனக்குப் பெயர் வேண்டும். பாரத்தை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஆய்வுக்கு ஆட்கள் வந்தார்கள். காலையிலேயே சூப்பர்வைசர் வந்து, ஒரு வருடப் படிப்பு மட்டும் படித்து, கவுன்சிலில் பெயர் இல்லாத பெண்களையெல்லாம் வெள்ளைக் கோட்டைக் கழற்றச் சொன்னார். ராஜகனி என்று ஒரு பெண். நாலு வருடமாக வார்டில் நர்ஸுக்கு உள்ள வேலை அத்தனையும் செய்கிறவள். அவளையும் என்னோடு துணி ரூமில் உட்காரச் சொன்னார்கள். எனக்குச் சீட்டு விழுந்த கதையை அவளிடம் முன்பே சொல்லியிருந்தேன். அவள் கோட்டை மடியில் வைத்து மடித்துக்கொண்டே இருந்தாள். மடிப்பாள், பிரிப்பாள், மறுபடி மடிப்பாள்.

"நீங்க அங்க சேராதீங்கக்கா," என்றாள். "நானும் சீட்டு விழுந்துட்டுன்னுதான் சேந்தேன்."

அவளை வெளியே கூப்பிட்டார்கள். துணி ரூமில் நான் மட்டும். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. முழங்கால் போடவில்லை. நின்றபடியே, அழுக்கு விரிப்புகளுக்கு நடுவில் வாயைத் திறந்து பேசினேன். "ஆண்டவரே, நீர் வேண்டாம் என்று சொன்னால் கேட்டுக்கொள்வேன். ஆனால் அதை நீர் சொல்லும். எனக்குத் தெரியும்படி சொல்லும். நான் இங்கிருந்து போகமாட்டேன்." மரியாதையாக ஜெபிக்கவில்லை என்று எனக்கே தெரியும். அழுகை வந்தது. முகம் துடைக்கக் கைக்குட்டை எடுக்கப் பையில் கைவிட்டேன். கையில் வந்தது அந்த இரண்டு சீட்டு.

பிரிக்கக் கூடாது என்பது சட்டம். பிரித்தேன்.

முதல் சீட்டில் மற்ற சமுதாயக் கல்லூரியின் பெயர். இரண்டாவது சீட்டில், பெரியப்பாவின் மணிமணியான கையெழுத்தில், "இந்த வருடம் வேண்டாம்" என்று இருந்தது. அவ்வளவுதான். நான் கேட்ட நர்ஸிங் பள்ளி செம்பிலேயே இல்லை. நான் நான்கு நாளாக யாரைச் சந்தேகித்தேனோ அந்த ஆண்டவர் எனக்கு வேண்டாம் என்று சொல்லவேயில்லை. அவரிடம் யாரும் கேட்கவே இல்லை. அந்த அழுக்குத் துணி மூட்டை மேலேயே உட்கார்ந்து, ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று சொல்லி அழுதேன்.

விண்ணப்பம் கொடுக்க இன்னும் ஆறு நாள் இருந்தது. என் மார்க் ஷீட்டும் டி.சி.யும் பெரியப்பாவின் பீரோவில். டியூட்டி முடிந்ததும் நேரே அவர் வீட்டுக்குப் போனேன். சீட்டு இரண்டையும் அவர் முன்னால் வைத்தேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"எடுக்காத சீட்டைப் பிரிச்சியா?"

"பிரிச்சேன் பெரியப்பா."

"கர்த்தர் வேண்டாம்னு விட்டதைப் பிரிச்சுப் பாக்க நீ யாருளா?"

"அவரு வேண்டாம்னு விட்டது இந்த ரெண்டு. நான் கேட்டது மூணுலயும் இல்லையே. நீங்க எழுதாத சீட்டை அவரு எங்கனருந்து எடுத்துக் குடுப்பாரு?"

அடுக்களையில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது. பெரியம்மா வாசலில் வந்து நின்றார். பெரியப்பாவை எதிர்த்து அந்த வீட்டில் யாரும் அப்படிப் பேசியதில்லை. நான் உட்காரவில்லை.

அவர் குரல் இறங்கி வந்தது. "ஒரு பொம்பளப் புள்ள, பெத்த புள்ளைய விட்டுட்டு மூணு வருசம் ஆஸ்டல்ல போய் கெடப்பாளான்னு நெனச்சேன். உன் நல்லதுக்குத்தான் எழுதல."

"அப்ப அது உங்க சித்தம்னு சொல்லுங்க பெரியப்பா, நான் கோவப்படல. கர்த்தரோட சித்தம்னு சொல்லாதீங்க. நாலு நாளா அவரை நான் வெறுத்துட்டுக் கெடந்தேன்."

இந்தக் கடைசி வார்த்தை அவரை என்னவோ செய்துவிட்டது. எழுந்து போய் பீரோவைத் திறந்தார். என் சர்டிபிகேட் கவரை எடுத்துக்கொண்டு வந்து மேஜையில் வைத்தார். "கொண்டு போ. தப்பாப் போச்சுன்னா எங்கிட்ட வந்து நிக்காத."

"தப்பாப் போனாலும் ஆண்டவர்கிட்டதான் போவேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வாயாடி என்று பெரியம்மா முணுமுணுத்தது காதில் விழுந்தது. ஆனால் வாசல்வரை வந்து என் கையில் ஒரு முருங்கைக்காய்க் கட்டைக் கொடுத்து அனுப்பியதும் அவர்தான்.

மறுநாளே போய் விண்ணப்பம் கொடுத்தேன். சபையில் செய்தி பரவியது. சீட்டை மீறினவள், குடும்பம் உருப்படுமா என்று காதுபடப் பேசினார்கள். நான் முன்வரிசையிலேயே போய் உட்கார்ந்தேன். நேர்முகத்தில் அந்தப் பள்ளியின் முதல்வர், "பதினேழு வயசுப் பிள்ளைங்க கூட உட்கார்ந்து படிப்பீங்களாம்மா?" என்று கேட்டார். "அவங்க என்கூட உட்கார்ந்து படிக்கட்டும் மேடம். படுக்கை விரிக்க நான் சொல்லிக் குடுக்குறேன்" என்றேன். சிரித்துவிட்டார். இடம் கிடைத்தது.

மூன்று வருடமும் பஞ்சு மெத்தை என்று பொய் சொல்ல மாட்டேன். ஞாயிறு சாயங்காலம் பஸ் ஏறும்போதெல்லாம் மகள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். உடற்கூறு பாடத்தில் முதல் தடவை தேறவில்லை. எழுதி எழுதிப் படித்தேன். ஒவ்வொரு தடவையும் அந்தத் துணி ரூம் ஜெபத்தையே நினைத்துக்கொள்வேன். எனக்குத் தெரியும்படி சொல்லும் என்று கேட்டேன், அவர் என் பைக்குள்ளேயே பதிலை வைத்திருந்தார். அப்படிப்பட்டவர் பாதி வழியில் விடுவாரா? விடவில்லை. இன்றைக்கு என் பெயர் கவுன்சிலில் பதிவாகியிருக்கிறது. ஆய்வுக்கு யார் வந்தாலும் நான் என் வார்டில்தான் நிற்கிறேன். ராஜகனியும் வேலையை விட்டுவிட்டு அதே பள்ளியில் சேர்ந்தாள். இப்போது இரண்டாம் வருடம்.

என் பிரியமானவர்களே, சீட்டுப் போடாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. உங்களுக்கு வேண்டியதை ஆண்டவரிடம் நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். அவர் பெயரைச் சொல்லி யாராவது வேண்டாம் என்றால், அவரிடமே திரும்பிப் போய் ஒரு தடவை கேளுங்கள். கேட்டதற்காக அவர் என்னை அடிக்கவில்லை. உங்களையும் அடிக்க மாட்டார்.

போன மாதம் பெரியப்பா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான்கு வருடத்தில் முதல் தடவை. சபையில் ஜெனிபர் என்று ஒரு பெண், பிளஸ் டூ முடித்தவள், மேலே என்ன படிப்பது என்று சீட்டுப் போட வந்திருந்தாள். செம்பு அதே இடத்தில் இருந்தது. பெரியப்பா பேனாவை எடுத்தார். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு என்னைப் பார்க்காமலே அதை அவள் பக்கம் நீட்டினார்.

"நீயே எழுதும்மா. உனக்குப் பிரியமானதையும் சேத்து எழுது. எடுத்தப்புறம் எல்லாத்தையும் பிரிச்சு வாசிப்போம்."

அவள் குனிந்து எழுதினாள். முழங்கால் போட்டோம். எந்தச் சீட்டு வந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. அது அவளுடைய சாட்சி, அவள் வாயால்தான் நீங்கள் கேட்க வேண்டும்.