எக்ஸ்-ரே வண்டிக்குப் பட்டுச்சேலை கட்டிப் போனவள்

சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னாலிருந்த எங்கள் சந்துக்கு எக்ஸ்-ரே வண்டி வந்த அன்று, என் தோழி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கிளம்பினாள். தலையில் மல்லிகை வேறு. நெஞ்சைப் படம் பிடிக்கப் போகிறார்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். படம் என்றால் படம்தானே என்று அவள் நினைத்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. நானும் முகத்துக்குப் பவுடர் பூசியிருந்தேன்.

வண்டிக்குள் இருந்த மிஸ்ஸி (நர்ஸை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சங்கிலியைக் கழற்று, மூச்சை இழுத்துப் பிடி என்று கையால் காட்டினாள். இறங்கி வந்தவள், "படம் எப்பக் கிடைக்கும்? ஊருக்கு ஒண்ணு அனுப்பணும்" என்றாள்.

படம் வரவில்லை. மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது.

நாங்கள் இருந்தது ஒரு கடைவீட்டின் மாடியில். பலகை அடித்துப் பிரித்த நான்கு அறைகள், நான்கு குடும்பங்கள், எல்லோருக்கும் சேர்த்து ஒரு சமையல்கட்டு, ஒரு குளியலறை. கீழே மிளகாய் அரைக்கும் மில். அந்த நெடியில் எங்கள் மாடியில் இருமாதவர்களே கிடையாது என்பதால், அவள் நான்கு மாதமாக இருமியது யாருடைய கவனத்துக்கும் வரவில்லை. அந்த மாடியிலேயே இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்த மேதை நான்தான். கடிதத்தை என்னிடம் கொண்டுவந்தாள். நெஞ்சு நோய் கிளினிக்குக்கு உடனே வரச்சொல்லியிருந்தது. மெதுவாகத்தான் படித்தேன். படித்து முடிப்பதற்குள் கடைசி அறைக்காரி தன் தண்ணீர்ப் பானையைச் சமையல்கட்டின் அந்தக் கோடிக்கு நகர்த்திவிட்டாள்.

டி.பி.தான். இடது நுரையீரல். ஆஸ்பத்திரியில் ஐந்து மாதம் படுக்க வேண்டும், பிறகு ஒரு வருஷம் பளு தூக்கக் கூடாது என்றார்கள்.

அவளுக்கு மூன்று வயதில் ஒரு மகள். கணவர் செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை. விடியும் முன் கிளம்பிப் பொழுது சாயத் திரும்புவார். நல்ல மனிதர். ஆபத்து வந்தால் அழுவார், அது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த வைத்தியம். அவருடைய அக்கா பட்டறைக் குடியிருப்பிலேயே வீடும் வாசலுமாக இருந்தார். குழந்தையை அங்கே விடலாமா என்று கேட்டனுப்பினோம். "என் தம்பி பிள்ளைய நான் பாக்காம யாரு பாப்பா? அவ நல்லாகி வந்ததும் அனுப்பி வைங்க, ஒரு மாசம் வச்சிருந்து அனுப்புறேன்" என்று பதில் வந்தது. அந்தப் பெருந்தன்மையை நாங்கள் வெகுநாள் மறக்கவில்லை.

குழந்தை என்னிடம் வந்தாள். எனக்குப் பிள்ளையில்லை, அதனால் எனக்கு நேரம் நிறைய இருக்கும் என்பது மாடி முழுதும் ஏகமனதாக எடுத்த முடிவு. நேரமெல்லாம் என் மாமியாருக்கே சரியாக இருந்தது. அத்தை ஒரு நிபந்தனை போட்டார்.

"பாத்துக்க, வேணாங்கல. ஆனா அதோட தம்ளரும் தட்டும் தனியா இருக்கட்டும்."

குழந்தையையும் கிளினிக்கில் பார்த்து, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள் என்றேன். டாக்டரெல்லாம் நேற்று வந்தவர்கள் என்றார். குழந்தைக்குத் தனித் தம்ளர் வாங்கி ஜன்னலோரம் வைத்தோம். அவளோ அதைப் பெரிய மரியாதை என்று எடுத்துக்கொண்டு, வேறு யாரையும் தொட விடவில்லை. என் வீட்டுக்காரர் ஒரு தடவை மறந்து அதில் தண்ணீர் குடித்துவிட்டார். அன்று அவள் அழுத அழுகையில் மில்லையே நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நேரம். வார்டுக்குள் குழந்தைகளை விடமாட்டார்கள். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே புல்தரையில் நிற்பேன். அவள் மேல் வராந்தாவில் ஆஸ்பத்திரி உடுப்போடு வந்து நிற்பாள். நடுவில் இரண்டு மாடி உயரம். சத்தம் போட்டால் மிஸ்ஸி திட்டுவாள் என்பதால் ஊமைகள் மாதிரி கையால் பேசிக்கொள்வோம். சாப்பிட்டாளா, தூங்கினாளா, தலையில் பேன் இருக்கிறதா எல்லாம் கையாலேயே முடியும். முதல் இரண்டு வாரம் குழந்தை கை காட்டினாள். மூன்றாம் வாரம் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நிமிரவே மாட்டேன் என்றாள். மேலே அவள் காட்டிய கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள். நான் குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டினேன். ஏமாற்று வேலைதான். அவ்வளவு தூரத்தில் தெரியாது என்று நினைத்தேன். தெரிந்தது என்று அவள் பல வருஷம் கழித்துத்தான் சொன்னாள்.

ஐந்து மாதம் ஆறரை மாதமானது. திரும்பி வந்தபோது கன்னம் கொஞ்சம் உப்பி, பார்க்க முன்னைவிட நன்றாகவே இருந்தாள். மாடியில் எல்லோரும் பாசத்தோடு வரவேற்றார்கள், நான்கு முழம் தள்ளி நின்று. அவளுடைய உடம்பில் எல்லோருக்கும் அக்கறை. "நீ ரெஸ்ட் எடும்மா, நாங்க எல்லாம் சமைச்சு முடிச்சப்புறம் மூணு மணிக்கு வந்தாப் போதும்" என்றார்கள். மூன்று மணிக்குச் சமைத்து யார் சாப்பிடுவது என்று நான் கேட்டேன். அன்றிலிருந்து நானும் வாயாடியானேன். என் அடுப்பிலேயே இரண்டு வீட்டுக்கும் உலை வைத்தேன். அத்தை மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நிம்மதியான மூன்று நாட்கள்.

இப்படிச் சொல்லக் கூடாது. ஏனென்றால் அந்த வருஷமே அத்தைக்குப் பேச்சு நின்றுவிட்டது.

ஒரு காலை குளியலறையில் விழுந்தார். வலது பக்கம் முழுக்க இழுத்துவிட்டது. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வாயில் ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியது. "போ." பசித்தாலும் போ, வலித்தாலும் போ, ஆசையாகக் கூப்பிட்டாலும் போ. இருக்கிற வார்த்தைகளில் அது தங்கியதில் எனக்கு ஆச்சரியமில்லை. அதிகம் பழகின வார்த்தைதான் கடைசிவரை நிற்கும் போலிருக்கிறது.

என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் தம்பியும் கூடி ஆலோசனை செய்தார்கள். அண்ணன் வீட்டில் படிக்கட்டு செங்குத்து. தம்பி மனைவிக்கு ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும். அத்தைக்கு ஒரு சொட்டு ரத்தமும் வரவில்லை என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. கடைசியில், நான் மிகவும் பொறுமைசாலி என்று கண்டுபிடித்தார்கள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அந்தக் குடும்பம் என்னைப் பாராட்டியது அன்றுதான்.

பிறகு விருந்தாளிகள். ஒவ்வொருவரும் ஆரஞ்சுப் பழமும் ஒரு வைத்தியமும் கொண்டுவந்தார்கள். அத்தையால் ஆரஞ்சை விழுங்க முடியாது, அதனால் பழத்தை நானும் குழந்தையும் தின்றோம். வைத்தியத்தைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. புறா ரத்தம் தேய்க்கச் சொன்னார் ஒருவர். புறா எங்கே கிடைக்கும் என்றேன். அதை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்.

பத்தாம் நாளோ என்னவோ, என் தோழி அத்தையின் அறைக்குள் வந்தாள். அதுவரை அவள் அந்த வாசற்படியைத் தாண்டியதில்லை. தாண்டவிடவில்லை. போர்வையை விலக்கி அத்தையின் இடுப்பைப் பார்த்தாள்.

"என்னடி இது, சிவந்து கிடக்கு? திருப்பிப் படுக்க வைக்கிறியா இல்லையா?"

"எதுக்குத் திருப்பணும்? தூங்குறாங்கன்னு விட்டுட்டேன்."

"நல்லா விட்ட. இன்னும் நாலு நாள் விட்டா எலும்பு தெரியும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திருப்பணும். எனக்குப் பக்கத்துக் கட்டில்ல ஒரு சீனக் கிழவி. மிஸ்ஸி எப்படிப் பண்ணுவாங்கன்னு ஆறு மாசம் வேற வேலையில்லாம பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவள் பளு தூக்கக் கூடாது. எனக்குத் தூக்கத் தெரியாது. ஆகவே அவள் நாற்காலியில் உட்கார்ந்து கட்டளை போட்டாள், நான் தூக்கினேன். முழங்காலை மடி. தோளைப் பிடி, கையைப் பிடித்து இழுக்காதே. முதுகுக்குத் தலையணை முட்டுக் கொடு. பழைய சேலையைச் சுருட்டி வளையம் செய்து இடுப்புக்கு அடியில் வை. எந்த ஆஸ்பத்திரித் தலைமை மிஸ்ஸியும் அவ்வளவு அதிகாரம் செய்திருக்கமாட்டாள். ஒரு தடவை கை நழுவி நானும் அத்தையோடு கட்டிலில் விழுந்தேன். மூன்று பேரில் இரண்டு பேர் சிரித்தோம். மூன்றாமவர் "போ" என்றார்.

சாப்பாடு ஊட்டுவதுதான் சிக்கல். நான் துணி துவைக்கப் போன ஒரு மத்தியானம் அவள் கஞ்சியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் திரும்பி வரும்போது அத்தை உதட்டை இறுக்கி மூடியிருந்தார்.

"பெரியம்மா, எனக்குக் கிருமியெல்லாம் போயிருச்சு. டாக்டர் எழுதியே குடுத்திருக்காரு. காயிதத்தக் கொண்டாந்து காட்டவா?"

அத்தை அசையவில்லை. இவள் நிஜமாகவே எழுந்துபோய்க் காகிதத்தைக் கொண்டுவந்து, அத்தையின் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். அத்தைக்குத் தமிழே படிக்கத் தெரியாது. அந்த இங்கிலீஷ் காகிதத்தை வெகுநேரம் மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். பசிதான் காரணம் என்று நான் நினைத்தேன். தோழியோ, கையெழுத்து நன்றாக இருந்ததால்தான் என்றாள். கிண்ணம் காலியாகும்வரை நான் வாசலிலேயே ஈரத்துணி வாளியோடு நின்றேன். என்னவோ, உள்ளே போகக் கால் வரவில்லை.

நான் பொறுமைசாலி இல்லை என்பது ஏழாவது மாதத்தில் வெளியே வந்தது. அன்று மூன்றாம் முறையாகப் படுக்கை மாற்றி நிமிர்ந்தேன், அத்தை மறுபடியும் நனைத்துவிட்டார். கையிலிருந்த கிண்ணத்தைச் சுவரில் எறிந்தேன். "செத்துத் தொலைய மாட்டியா" என்று கத்தினேன். பலகைச் சுவர், மாடி முழுக்கக் கேட்டிருக்கும். அத்தையின் இடது கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வழிந்தது. வலது கண் எதையும் கவனிக்காததுபோல் இருந்தது.

தோழி வந்தாள். என் கையில் குடையைக் கொடுத்தாள்.

"வெளிய போயிட்டு வா. சாயங்காலம் வரைக்கும் இந்தப் பக்கம் வந்துராத."

"எங்க போறது?"

"எங்கயாவது போடி! தேக்கா மார்க்கெட்டுக்கு மட்டும் போகாத, தெரிஞ்சவங்க யாராச்சும் புடிச்சு வைத்தியம் சொல்லுவாங்க."

முதலில் வந்த பஸ்ஸில் ஏறினேன், பிறகு இன்னொன்றில். அது பொங்கோல் வரை போயிற்று. கடைசி நிறுத்தத்தில் இறக்கிவிட்டார்கள். எதிரே கடல். மனம் உருகிப்போயிருக்க வேண்டிய இடம், ஆனால் காற்று பன்றிப்பண்ணைப் பக்கமிருந்து வீசியது. மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அதைவிட நல்ல இடத்துக்கு நான் பிறகும் போனதில்லை.

திரும்பி வந்தபோது சுவர் துடைத்திருந்தது. அத்தைக்குத் தலை வாரிப் பின்னியிருந்தது. நான் கட்டிலோரம் உட்கார்ந்து, மன்னிச்சுக்குங்க என்றேன். "போ" என்றார். எந்தப் போ என்று தெரியவில்லை. தோழியைப் பார்த்தேன். "பரவாயில்லைங்கிறாங்க" என்றாள். அவளுக்கு மட்டும் எப்படித் தெரியுமாம்? ஆனாலும் எடுத்துக்கொண்டேன்.

அதன்பிறகு புதன்கிழமை எனக்கு விடுமுறை. சட்டம் போட்டவள் அவள்தான். என் வீட்டுக்காரர், புதன்கிழமைகளில் வீட்டை யார் பார்ப்பது என்று கவலைப்பட்டார். "நீங்க இருக்கீங்களே அண்ணே" என்றாள். அவர் அந்தச் சாத்தியத்தை அதற்குமுன் யோசித்ததில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: அவர் கற்றுக்கொண்டார். முதலில் கால் நகம் வெட்டினார். பிறகு திருப்பிப் படுக்க வைக்க ஒரு பக்கம் பிடித்தார். கடைசி ஆறு மாதம் பெட்பேனும் எடுத்தார், வாசலில் யாரும் இல்லை என்று எட்டிப் பார்த்துவிட்டு.

அத்தை இரண்டு வருஷத்துக்குமேல் இருந்தார். உடம்பில் ஒரு புண் இல்லாமல் போனார். சாவு வீட்டில் அண்ணனின் சம்பந்தி எழுந்து நின்று, "பெத்த தாயை மூணு பிள்ளைங்களும் தங்கம் மாதிரி வச்சுப் பாத்தாங்க" என்றார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி குனிந்து, "மத்த ரெண்டு தங்கமும் ஒரு நாளாவது கிண்ணம் கழுவியிருக்குமா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினேன். மருமகள் எப்படி அழுகிறாள் பார் என்று சுற்றிலும் பேசிக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்கள் சொன்னது உண்மையாகிவிட்டது. எப்போது மாறியது என்று எனக்கே தெரியாது. அவள் என் முதுகில் கை வைத்துத் திருப்பி, தன் மேல் சாய்த்துக்கொண்டாள்.

பிறகு எல்லோருக்கும் அரசாங்க அடுக்குமாடி வீடு கிடைத்தது. அவளுக்குத் தோ பாயோவில் ஏழாம் மாடி, எங்களுக்குக் குவீன்ஸ்டவுனில். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். குடிபோன மூன்றாம் மாதமே அவள் கணவர் பட்டறையில் வழுக்கி விழுந்து, தொடை எலும்பு முறிந்து, இடுப்புவரை மாவுக்கட்டோடு வீடு வந்து சேர்ந்தார். நான் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். மகள் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். கதவைத் திறந்தவளின் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"எப்படி இருக்காரு?"

"உன் அத்தையே தேவலாம். அவங்களுக்கு ஒரே வார்த்தைதான்" என்றாள். "இவரு காலையிலேருந்து நிறுத்தவே இல்ல."

உள்ளேயிருந்து அவர் என் பெயரைச் சொல்லி, வலி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அழுகுரலில் விவரிக்க ஆரம்பித்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அவள் பாய் விரித்து, அந்தக் கூடத்திலேயே, எங்கள் பேச்சுச் சத்தத்துக்கு நடுவிலேயே தூங்கிப்போனாள்.