எட்டுக்கை அம்மனிடம் என் மகளுக்குக் கை கேட்டேன்

போன ஐப்பசியில் ஒரு காலை, பள்ளிக்கூடம் கிளம்பிய என் மகள் சுகன்யாவால் சட்டைப் பட்டனைப் போட முடியவில்லை. சோம்பல் என்று நினைத்து நானே போட்டுவிட்டேன். மறுநாள் எழுந்து நிற்க முடியாமல் விழுந்தாள். அதற்குள் கையும் துவண்டுவிட்டது. நான்காம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. மிளகு பறிக்கும் நாளில் எங்களுக்கு முன்னால் மரத்தில் ஏறி நிற்பவள்.

மலைமேல் குண்டனி நாடு என்னும் பகுதியில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து ஆம்புலன்ஸில் மலை இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் அவள் தலை என் மடியில் உருண்டது. அதை நிறுத்தக்கூட அவளுக்குப் பலம் இல்லை. கீழே பெரிய ஆஸ்பத்திரியில், இது நரம்பைத் தாக்கும் நோய் என்றார்கள். மூச்சு நின்றுவிடுமோ என்று பயந்து தனி அறையில் வைத்தார்கள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். எங்கள் மலையின் எட்டுக்கை அம்மனை நம்பி வாழும் உங்களிடம், நான் அங்கே என்ன கேட்டேன் என்று சொல்ல வெட்கமில்லை.

"தாயே, உனக்கு எட்டுக் கை இருக்குது. எம் புள்ளைக்கு ரெண்டே ரெண்டு கையக் குடு."

மருந்து ஏறியது. மூச்சு சீரானது. பிள்ளையைக் குழந்தைகள் வார்டுக்கு மாற்றினார்கள். டாக்டர் அம்மா என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

"நோய் இறங்க ஆரம்பிச்சிருச்சும்மா. இனிமே பலம் மெதுவாத்தான் வரும். ஆனா அவளாவே முயற்சி பண்ணணும். தினமும் அசைக்காம விட்டா கை இறுகிப்போயிரும்."

அவள் முயற்சி பண்ணவில்லை. பயிற்சி கொடுக்க வருகிறவரைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்வாள். சாப்பாடும் இறங்கவில்லை. ஒரு மத்தியானம் கஞ்சியைக் கொண்டுபோனபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வுட்டுரும்மா. நான் செத்துப் போறேன்" என்றாள்.

கஞ்சிக் கிண்ணத்தோடு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் பெருமாள் அறுவடைக்காக மலைக்குத் திரும்பியிருந்தார். அவருக்குப் போன் போட்டு அழுதேன். "இப்பவே கோயிலுக்குப் போறேன். நீ தைரியமா இரு சாமி" என்றார். எனக்கு அம்மன் மேலேயே கோபம் வந்தது. உயிரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாழும் ஆசையை நீயே வைத்துக்கொண்டாயே என்று கேட்டேன். ஆனாலும் கும்பிடுவதை விடவில்லை. எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

பக்கத்துக் கட்டிலில் சஸ்மிதா என்ற பெண் குழந்தை, காலில் மாவுக்கட்டோடு இருந்தாள். பெற்றோர் ஒடிசாவிலிருந்து நூல் மில் வேலைக்கு வந்தவர்கள். அவள் அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு அவர்கள் பேச்சு தெரியாது. வெந்நீர் வாங்கப் போகும்போது ஒருவர் பிள்ளையை ஒருவர் பார்த்துக்கொள்வோம்.

அந்த வார்டில் வாரம் ஒருநாள் நஸ்ரின் என்ற பெண் மேளமும் வண்ணமும் பொம்மைகளும் எடுத்துக்கொண்டு வருவார். அவருக்கு ஒரு வழக்கம். ஒவ்வொரு வாரமும் ஒரு குழந்தையின் வீட்டிலிருந்து ஒரு பாட்டோ விளையாட்டோ கைவேலையோ கேட்டு வாங்கி, அந்தப் பாஷையிலேயே எல்லோருக்கும் கற்றுக்கொடுப்பார். சஸ்மிதாவின் முறை வந்தபோது அவள் அம்மா அரிசி மாவைக் கரைத்து, விரலால் கறுப்புத் தாளில் நெற்கதிர் வரைந்தார். வார்டே கூடி வரைந்தது. சுகன்யா மட்டும் படுத்தே இருந்தாள். கடைக்கண்ணால் பார்த்ததை நான் கவனித்தேன்.

அடுத்த வாரம் நஸ்ரின் என்னிடம் வந்தார். "இந்த வாரம் உங்க மலைப்பாட்டு ஒண்ணு குடுங்கக்கா."

"எனக்கு என்னங்க தெரியும்?"

"வேலை செய்யறப்போ ஒண்ணும் பாட மாட்டீங்களா?"

சாமை புடைக்கும்போது பாடுவது ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. கூச்சத்தோடு எழுந்து நின்று, கையில் முறம் இருப்பதுபோல் அசைத்துக்கொண்டே பாடினேன்.

"ஏத்திப் போட்டா உமி பறக்கும், எறக்கிப் போட்டா சாமை நிக்கும்."

நஸ்ரின் மேளம் தட்டினார். கட்டில் கட்டிலாகப் பிள்ளைகள் தங்களுக்கு வந்த தமிழில் பாடினார்கள். சஸ்மிதா தன் ஊர் வழக்கப்படி, கையில் இல்லாத முறத்தைப் பக்கவாட்டில் ஆட்டினாள். எனக்கு அது தப்பாகவே தோன்றவில்லை.

அப்போது என் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அப்படி இல்ல. அப்படி ஆட்டுனா சாமையெல்லாம் கீழ கொட்டிரும்."

திரும்பினேன். சுகன்யா சஸ்மிதாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சஸ்மிதாவுக்குப் புரியவில்லை. மறுபடியும் பக்கவாட்டிலேயே ஆட்டினாள். என் மகளுக்கு எரிச்சல். "இங்க பாரு" என்று சொல்லிப் பல்லைக் கடித்துக்கொண்டு, போர்வை மேல் கிடந்த வலது கை மணிக்கட்டை மேலே தூக்கிக் காட்டினாள். நாலு விரல் உயரம்கூட இருக்காது. உடனே விழுந்துவிட்டது. மறுபடியும் தூக்கினாள்.

நான் பாடுவதை நிறுத்திவிட்டேன். "நிறுத்தாதீங்கக்கா" என்றார் நஸ்ரின். அழுதுகொண்டே பாடினேன்.

அன்று சாயங்காலம் கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தாள். மறுநாள் பயிற்சிக்காரரிடம் அவளே கையை நீட்ட முயன்றாள். சஸ்மிதாவுக்குச் சரியாகச் சொல்லித்தர வேண்டுமாம். அப்படியே மெல்ல மெல்ல விரல், பிறகு தோள், பிறகு கால். தை பிறந்த பின் மலை ஏறினோம். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். வேகமாக ஓட இன்னும் வரவில்லை. அதுவும் வரும்.

பாட்டினால் நோய் தீர்ந்ததா என்று கேட்கிறார்கள். இல்லை. நோயைத் தீர்த்தது மருந்தும் டாக்டர்களும்தான். அவர்களை அம்மன்தான் அனுப்பினாள் என்பது என் நம்பிக்கை. நான் கண்ணை மூடி ஒரு பெரிய அற்புதத்துக்குக் காத்திருந்தேன். அவளோ தொழுகை செய்கிற ஒரு பெண்ணையும், தலையணைக்கடியில் ஜெகந்நாதர் படம் வைத்திருந்த ஒரு குழந்தையையும் என் பிள்ளையின் கட்டிலருகே கொண்டுவந்து நிறுத்தினாள்.

குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்தோம். முன்பெல்லாம் மலைக்குக் கீழே இருப்பவர்கள் என்றாலே ஒதுங்கிப் போவேன். இப்போது நஸ்ரின் கூப்பிடும்போதெல்லாம் பஸ் ஏறி அந்த வார்டுக்குப் போகிறேன். புதிதாக வந்து படுத்திருக்கும் பிள்ளைகளோடு பாடுகிறேன். சுகன்யாவும் லீவு நாளில் கூட வருவாள்.

உங்கள் வீட்டிலும் யாராவது படுக்கையில் இருக்கலாம். கோபம் வந்தாலும் அம்மனிடமே கோபப்படுங்கள். வைத்தியத்தை விடாதீர்கள். கேட்பதை நிறுத்தாதீர்கள். அவள் அனுப்பும் ஆள் உங்களுக்குத் தெரியாத பாஷை பேசிக்கொண்டு வரலாம். உள்ளே வரச் சொல்லுங்கள்.