கண்ணாடி ஓரத்துக் குடும்பம்

அந்தச் சில வருஷங்களில் திருப்பதியில் எதைத் திறந்தாலும் கண்ணாடி போட்டுத்தான் திறந்தார்கள். துணிக்கடை, செருப்புக்கடை, பல் டாக்டர் எல்லாவற்றுக்கும் கண்ணாடி. நான் வேலை பார்த்த ஜெராக்ஸ் கடைக்கு மட்டும் ஷட்டர். நகரி பக்கத்திலிருந்து வந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நாலு பையன்களோடு ஓர் அறையில் தங்கியிருந்தேன். முறை வைத்துச் சமைத்தோம். யார் சமைத்தாலும், எதைச் சமைத்தாலும் ஒரே ருசிதான் வரும்.

எங்கள் கடைக்குப் பக்கத்தில் சித்தூர்க்காரர் ஒருவர் ஹோட்டல் வைத்திருந்தார். இட்லி, பூரி, சாப்பாடு என்று ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. பெங்களூருக்குப் போய் எதையோ பார்த்துவிட்டு வந்தவர், பக்கச் சுவரை இடித்துத் தெருவைப் பார்த்து ஆளுயரக் கண்ணாடி பதித்து, ஏசி போட்டு, ‘ஃபேமிலி ரூம்’ என்று எழுதி வைத்தார். மலையிலிருந்து இறங்கும் ஜனம் மொட்டைத் தலையும் சந்தனமுமாகக் குடும்பம் குடும்பமாக அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நிற்கும். உள்ளே எட்டிப் பார்க்கும். உள்ளே ஒருவரும் இருக்கமாட்டார்கள். ஏதோ பெரிய இடம்போல என்று நகர்ந்துவிடும்.

ஒரு நாள் ஹோட்டல் முதலாளி எங்கள் கடைக்கு வந்தார்.

“தம்முடு, சாயங்காலத்துல உனக்கு இன்னா வேலை?”

“ஒண்ணும் இல்ல சார்.”

“நம்ம ஃபேமிலி ரூம்ல வந்து ஒக்காந்து துன்னு, காசு வேணாம். ஃபேமிலின்னு போர்டு போட்டா ஆச்சா? உள்ள ஒரு ஃபேமிலி துன்னுகினு இருந்தாத்தானே இன்னொரு ஃபேமிலி வரும்?”

“நான் ஒண்டி ஆளு சார்.”

“அதெல்லாம் ஏற்பாடு பண்ணிட்டேன்.”

உங்கள் வீட்டில் இருப்பவர்களையே உட்காரவைக்கலாமே என்று கேட்டேன். “எங்க வூட்டம்மா ஹோட்டல் சோறு துன்னாது” என்றார்.

அவர் ஏற்பாடு செய்திருந்தது எதிரே எஸ்டிடி பூத்தில் உட்கார்ந்திருந்த அக்காவை. கங்காதர நெல்லூர் பக்கம். கணவர் குவைத்தில் டிரைவர். யூகேஜி படிக்கும் ஒரு பெண் குழந்தை. சாயங்காலம் சமைக்கிற வேலை மிச்சம், குழந்தைக்கு தினமும் ஐஸ்கிரீம் என்றதும் அக்கா யோசித்திருக்கிறார். வெள்ளிக்கிழமை குவைத்திலிருந்து போன் வந்தபோது கணவரிடமே கேட்டுவிட்டார். “துன்றதுக்குத்தானே கூப்புடறாங்க, போ” என்று அவர் அங்கிருந்து உத்தரவு கொடுத்துவிட்டார்.

இப்படித்தான் நான் குடும்பஸ்தன் ஆனேன்.

முதலாளி இரண்டு விதிகள் வைத்தார். ஒன்று, ‘அக்கா’, ‘தம்பி’ என்று கூப்பிட்டுக்கொள்ளக் கூடாது. அதனால் நாங்கள் பேசுவதையே விட்டுவிட்டோம். பார்க்கிறவர்களுக்கு நெடுநாள் தம்பதி மாதிரியே தெரிந்ததாக சர்வர் சொன்னார். இரண்டாவது, தெருவிலிருந்து பார்த்தால் தெரிகிற பண்டமாகத்தான் சாப்பிட வேண்டும். தயிர்சாதம் கேட்டேன். “அது தட்டுக்குள்ளயே படுத்துக்கினு கெடக்கும். யாருக்குத் தெரியும்?” என்றார். குழந்தைக்குக் கூம்பு மாதிரி நிற்கும் தோசை. எங்களுக்குப் பட்டூரா.

பட்டூரா அப்போது ஊருக்குப் புதிது. பெரிய மைதாப் பூரிதான், பானை மாதிரி உப்பி வரும். அதை உடனே பிய்க்கக் கூடாது. மலை பஸ் வந்து ஜனம் இறங்கி, கண்ணாடிப் பக்கம் திரும்பியதும் முதலாளி கல்லாவிலிருந்து தலையை ஆட்டுவார். அப்போதுதான் பிய்க்க வேண்டும். பஸ் தாமதமானால் பட்டூரா அமுங்கிவிடும். சர்வர் அதை எடுத்துப்போய் வேறு உப்பினதைக் கொண்டுவந்து வைப்பார். ஒரு மழை நாளில் பஸ்ஸே வரவில்லை. எதிரே பட்டூரா பட்டூராவாக வந்து போய்க்கொண்டிருக்க, நான் தண்ணீரைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு பசித்ததில்லை.

அக்காவுக்கு இது பத்தே நாளில் திகட்டிவிட்டது. மைதாவைப் பார்த்தாலே நெஞ்சைக் கரிக்கிறது என்றார். வீட்டிலிருந்து டப்பாவில் கேழ்வரகுக் களியும் வேர்க்கடலைச் சட்னியும் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டார். எனக்கும் ஓர் உருண்டை மேசைக்கு அடியில் கை மாறியது. ஏசி அறையில் குனிந்து குனிந்து களி விழுங்கிக்கொண்டிருந்தோம். முதலாளி கண்டுபிடித்துவிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“மேல பட்டூரா இருக்கட்டும். கீழ நீங்க இன்னா வேணா துன்னுங்க” என்றார்.

அந்த மாசம்தான் எங்கள் நைனா ஊர்க்காரர்களோடு மலைக்கு வந்தார். எனக்குச் சொல்லவில்லை. மொட்டை போட்டு, தரிசனம் முடித்து, மகனைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கடையைத் தேடி வந்திருக்கிறார். கடை பூட்டியிருந்தது. பக்கத்துக் கண்ணாடியில் எட்டிப் பார்த்தவர், நான் ஒரு பெண்ணோடும் குழந்தையோடும் உட்கார்ந்து பட்டூராவைப் பிய்ப்பதைக் கண்டார். அவருக்குப் பின்னால் ஊரே பார்த்தது. பத்துப் பன்னிரண்டு சந்தன மொட்டைகள் கண்ணாடியில் வரிசையாக ஒட்டிக்கொண்டு நின்றன.

நைனா மட்டும் உள்ளே வந்து நாலாவது நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பட்டூராவையே பார்த்தார்.

“எப்போ?” என்றார்.

“இன்னா நைனா எப்போ?”

“கல்யாணம்.”

“ஆவல நைனா.”

“ஆவாமயேவா?” என்று குழந்தையைப் பார்த்தார்.

குழந்தை தோசையைக் கீழே வைத்துவிட்டு, “எங்க நைனா குவைத்துல கீறாரு” என்றது.

நைனா நாற்காலியைப் பின்னால் தள்ளினார். “அடப்பாவி, அடுத்தவன் பொண்டாட்டியாடா?” என்று எழுந்துவிட்டார். அக்கா அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

“பெரியப்பா, தப்பா நெனைக்காத. நாங்க ஹோட்டலுக்காவத் துன்றோம். இவரு எனக்குத் தம்பி மாதிரி. எங்க வூட்டுக்காரருக்கே தெரியும். வெள்ளிக்கெயம போன்ல இன்னிக்கி இன்னா துன்னீங்கன்னு கேப்பாரு.”

நைனாவுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் அதற்குள் முதலாளி ஓடிவந்துவிட்டார். தாத்தாவும் இருந்தால்தான் குடும்பம் நிறைவாக இருக்கிறது, ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போகச் சொல் என்று என்னிடம் கெஞ்சினார். நைனா ஒரு பட்டூராவைத் தின்றுபார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். ஊர்க்காரர்களை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தார்.

எங்களில் அவருக்குத்தான் இந்த வேலை சுலபமாக வந்தது. குழந்தையை மிச்சம் வைக்காதே என்று அதட்டினார். அக்காவிடம் சட்னியில் உப்பில்லை என்று குறை சொன்னார். என்னை நேராக உட்காரச் சொன்னார். அந்த ரெண்டு சாயங்காலமும் வெளியே நின்ற ஜனம் தைரியமாக உள்ளே வந்தது. பின்னால் வந்த குடும்பங்கள் முன்னால் வந்த குடும்பங்களைப் பார்த்து வந்தன. நைனா ஊருக்குப் போய் உள்ளதை உள்ளபடியே சொன்னார். யாரும் நம்பவில்லை. திருப்பதியில் எனக்குப் பெண்டாட்டி பிள்ளை இருப்பதைப் பன்னிரண்டு பேர் கண்ணால் பார்த்திருந்தார்கள்.

கோடையில் அக்காவின் கணவர், குவைத் மாமா, லீவில் வந்தார். முதலாளிக்கு சந்தோஷம் தாங்கவில்லை. அசல் குடும்பமே கிடைத்துவிட்டதால் என்னை அறைச் சமையலுக்கே அனுப்பிவிட்டார்.

மாமா மூணு வருஷமாக அறையில் தன் கையால் பொங்கித் தின்று சலித்தவர். ஹோட்டல் சாப்பாடு என்றால் உயிரை விடுவார். அக்கா அவருக்காக வீட்டில் கருவாட்டுக் குழம்பு வைத்துவிட்டு வந்திருந்தார். மாமா பட்டூரா, மஞ்சூரியன், நூடுல்ஸ் என்று வரவழைத்துக்கொண்டே போனார். “வூட்ல அவ்ளோ ஆக்கி வச்சிட்டு வந்துக்கீறேன்” என்று அக்கா சொல்ல, “ஆக்கினதை நாளைக்கு நீ துன்னு” என்று மாமா சொல்ல, சண்டை வந்துவிட்டது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்து உட்கார்ந்தார்கள். அப்பாவைப் பார்த்துப் பழக்கமில்லாத குழந்தை அழ ஆரம்பித்தது. கண்ணாடிக்கு வெளியே நின்ற ஒரு குடும்பம் அப்படியே திரும்பி நடந்தது.

முதலாளி மறுநாள் என்னிடம் வந்தார். “தம்முடு, நீயே வந்துடு. அதுங்களைப் பாத்தா ஃபேமிலி மாதிரியே இல்ல.”

ஆக, அக்காவும் நானும் குழந்தையும் கண்ணாடி ஓரத்தில் உட்கார்ந்தோம். மாமா அடுத்த மேசையில் தனியாக உட்கார்ந்து, காசு கொடுத்து, இஷ்டத்துக்குச் சாப்பிட்டார். நடுநடுவே எங்கள் பக்கம் திரும்பி, “கொயந்தைக்குத் தண்ணி ஊத்து தம்பி” என்பார். யாருக்கும் மனக்கசப்பு இல்லை. இரவு மூவரும் வீட்டுக்குப் போவார்கள். கருவாட்டுக் குழம்பு பாதிக்கு மேல் என் அறைக்கு வந்துவிடும். என்னோடு தங்கியிருந்த பையன்கள் மாமாவை வாழ்த்தினார்கள்.

மாமா குவைத்துக்குத் திரும்பிய கொஞ்ச நாளில் ஃபேமிலி ரூம் நிரம்பத் தொடங்கிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனபோது எங்கள் மேசையில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி தலையைச் சொறிந்தார். “ஜனம் நிக்குது. நாளையிலேர்ந்து வரவேணாம்” என்றார். குழந்தைக்கு மட்டும் ஒரு ஐஸ்கிரீம் கொடுத்தார். அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு, வீட்டுக்கு வா, தோசை சுடுகிறேன் என்றார். கூம்பாக நிற்காத, கல்லில் வார்த்த, ஓரம் கருகிய தோசை. எட்டோ ஒன்பதோ தின்றேன். யாரும் தலையாட்டும்வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த வருஷம் புத்தூர் பக்கத்திலிருந்து எனக்குப் பெண் கொடுக்க வந்தார்கள். திருப்பதிக் குடும்பத்தைப் பற்றி அவர்கள் காதிலும் விழுந்திருந்தது. பெண்ணின் அப்பா நேராக ஹோட்டலுக்கே வந்து முதலாளியிடம் விசாரித்தார். முதலாளி சத்தியம் செய்தார்: அந்தப் பையனுக்குப் பெண்டாட்டியும் இல்லை, பிள்ளையும் இல்லை, இங்கே உட்கார்ந்து சாப்பிடுவதுதான் அவன் வேலையாக இருந்தது.

பெண்ணின் அப்பா கேட்டுக்கொண்டு ஊருக்குப் போனார். பிறகு எங்கள் நைனாவுக்குச் சொல்லி அனுப்பினார்: “மொதல்ல ஒரு பொண்டாட்டி இருந்திருந்தாக்கூட இன்னான்னு பேசிப் பாத்திருப்பேன். துன்றதே வேலையா வச்சிருந்தவனுக்கு எப்பிடிப் பொண்ணு குடுக்கறது?”