ஆட்டுக்கறிக்குப் பின் ஒரு கரண்டி

டாக்டர் எழுதிக்கொடுத்த கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவிட்டு, நானே வாங்கிய மீன் எண்ணெய் கேப்சூலை மாதக்கணக்கில் விழுங்கியவன் நான். நாலு புத்தகம் படித்தவன் என்று பெயர் வேறு.

செபராங் ஜெயா கிளினிக்கில் இளம் டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார்.

"அங்கிள், மீன் எண்ணெய் ட்ரைகிளிசரைடுங்கிற கொழுப்பைத்தான் குறைக்கும். கெட்ட கொலஸ்ட்ராலைக் குறைக்காது. அது நல்லா ஏறியிருக்கு. நெஞ்சு வலி வந்துச்சா?"

வந்தது. சட்டைப்பையில் வைத்திருந்த கேப்சூல் ஒன்று வெயிலில் கசிந்து நாறியது. அந்த வாடையோடு அப்பா நினைவில் வந்து நின்றார்.

ஜார்ஜ்டவுன் துறைமுகத்தில் கிளார்க் அவர். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிச் சோறு முடிந்ததும் மீன் எண்ணெய் போத்தலைத் திறப்பார். கண்ணை இறுக மூடி ஒரு கரண்டி விழுங்கிவிட்டு, "கொழுப்பெல்லாம் கழுவிட்டுப் போயிரும்" என்பார். தைப்பூச விரதத்தில் மட்டும், அதுவும் மீன்தானே என்று போத்தல் அலமாரிக்குள் போய்விடும். விரதம் முடிந்த ஒரு ஞாயிறு, கறியும் எண்ணெயும் உள்ளே போனபின் நாற்காலியில் சாய்ந்தவர் எழவில்லை. கரண்டி கழுவாமல் மேசையில் கிடந்தது. அப்போது அவருக்கு என் இன்றைய வயது.

வீட்டுக்கு வந்து அக்காவுக்குப் போன் செய்து, நானும் அப்பாவைப் போலவே ஆகிவிட்டேன் என்று புலம்பினேன்.

"அப்பாவுக்கு யாரும் மாத்திரை குடுக்கலடா. உனக்குக் குடுத்தாங்க. அவரோட உன்னைச் சேக்காத லா."