முப்பத்தெட்டு வீட்டுத் துணி

கட்டைவிரல் துணியை அழுத்திப் பிடிக்க, சுட்டுவிரல் ஓரத்தை உள்ளே மடித்துக் கொடுக்க, ஊசி இரண்டு இழையை மட்டும் கவ்விக்கொண்டு மேலே வந்தது. முப்பத்தெட்டாவது துண்டு. முடிச்சுப் போட்டு நூலைக் கத்தரியால் வெட்டினாள். பல்லால் கடிப்பது தொழிலுக்கு மரியாதை இல்லை என்பது அவள் கட்சி.

தெருக்கோடியில் இருபத்தாறு வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறாள். யாரிடமும் போய்க் கற்றதில்லை. பழைய சட்டைகளைப் பிரித்துப் பிரித்தே வெட்டப் படித்தவள். தெருவுக்கே அவள் டெய்லரக்கா.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு மாதமாக வீடு வீடாகப் போய்த் தெருவின் கதையைக் கேட்டு எழுதினார்கள். வீட்டுக்கு ஒரு கதை, ஒரு துண்டுத் துணி. நர்ஸம்மா பழைய வெள்ளைச் சட்டையின் கையைக் கொடுத்தாள். அச்சகக்காரர் மை துடைத்த துணியைக் கொடுத்தார். ஒவ்வொரு துண்டையும் ஒரு வீடாக அடித்துணியில் வைத்துத் தைத்து, போர்வை அகலத்துக்குத் தெருவின் படம் ஒன்று வேண்டும். டீச்சர் பிளெக்ஸ் அடித்துவிடலாம் என்றபோது, "டெய்லரக்கா தைப்பாங்க" என்று அவள் சார்பில் வாக்குக் கொடுத்தது பிள்ளைகள்தான். சனிக்கிழமை காலை தெருவே பள்ளிக்கூடத்துக்கு வந்து படத்தில் அவரவர் வீட்டைத் தேடப்போகிறது.

வியாழக்கிழமை மத்தியானம், மாடியில் குடியிருக்கும் அண்ணன் இறங்கி வந்தார். இதே தெருவில் முப்பது வருடம் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவர்.

"முடிஞ்சுதா? தள்ளு, ஒரு ரவுண்டு போயிட்டு வரேன்."

தோளில் இல்லாத பையைச் சரிசெய்துகொண்டு, துணியில் இருந்த பள்ளிக்கூட வாசலில் விரலை வைத்து நடக்க ஆரம்பித்தார். நாலாவது வீட்டில் விரல் நின்றது.

"அச்சகம் எந்தப் பக்கம்மா?"

"தெரியாத மாதிரி கேக்கறீங்க."

"முப்பது வருஷம் வலது கைப்பக்கம் கடிதாசி போட்ட வீடு. இங்க இடது கைக்கு வந்திருக்கு. குழாயடிகிட்ட தெருவும் எதிர்ப்பக்கமா திரும்புது."

 துணியைப் புரட்டினாள். பின்பக்கத்தில் அவளே போட்ட சுண்ணக்கோடு. அங்கே தெரு சரியாக இருந்தது. நல்ல பக்கத்தில் சுண்ணம் படக்கூடாது என்பது இருபத்தாறு வருடப் பழக்கம். கை தன்பாட்டுக்குப் பின்பக்கம் கோடு போட்டுவிட்டது; முன்பக்கம் தைத்தபோது இடமும் வலமும் மாறிப்போயின. சட்டை என்றால் இந்தப் பக்கக் கையும் அந்தப் பக்கக் கையும் ஒன்றுதான், புரண்டாலும் குற்றமில்லை. தெரு அப்படியில்லை.

"ஒரு வழி இருக்கு," என்றார் அண்ணன். "திருப்பி மாட்டிடு. தெரு சரியாயிடும்."

"சும்மா இருங்கண்ணா. வீட்டுக்குப் பதிலா முடிச்சுதான் தெரியும்."

சாயங்காலம் வந்த டீச்சர் குனிந்து பார்த்தாள். "வீட்டு நம்பரெல்லாம் சரியாத்தான இருக்கு? யாருக்குக்கா தெரியப்போகுது?"

"இங்கயே பொறந்து வளந்தவங்க வர்றாங்க டீச்சர். வீடு எதிர்ப்பக்கம் இருந்தா, பசங்க எழுதின கதையையும் நம்பமாட்டாங்க. ஆறு மாச அலைச்சல் சிரிப்பாப் போயிடும்."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கடைக்கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு பிரிக்க உட்கார்ந்தாள். ரவிக்கை கேட்டு வந்தவர்களை அண்ணன் வாசலிலேயே மடக்கினார். "டெய்லர் தெருவைப் பிரிச்சுப் போட்டிருக்கா. திங்கக்கிழமை வாங்க."

புதிய அடித்துணியை விரித்து, நல்ல பக்கத்தில் சுண்ணத்தை வைத்தாள். கை ஒரு நொடி தயங்கியது. மெல்லிசாக, தட்டினால் உதிர்கிற அளவுக்குக் கோடு போட்டாள்.

பதினேழாம் எண்ணில்தான் சிக்கல். அந்த வீட்டம்மா, இறந்துபோன மகனின் பள்ளிச் சட்டைப் பையைக் கொடுத்திருந்தாள். துவைத்துத் துவைத்து இற்ற துணி. ஊசி முனையால் ஒரு தையலை நெம்பியதும் ஓரம் பஞ்சாகப் பிரிந்தது. இதற்கு வேறு துணி கேட்டுப் போய் நிற்க முடியாது. ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கத்தரியை எடுத்தாள்.

பிறகு, பையைப் பிரிக்காமல், அதைச் சுற்றி விரல் அகலம் விட்டுப் பழைய அடித்துணியோடு சேர்த்தே வெட்டி எடுத்தாள். அப்படியே கொண்டுபோய்ப் புதிய துணியில் எதிர்ப்பக்கம் வைத்து, அடித்துணியின் ஓரத்தை மட்டும் மடித்துத் தைத்தாள். பையின் மேல் ஊசி படவே இல்லை. வீட்டைச் சுற்றி மதில் கட்டியதுபோல ஒரு விளிம்பு தெரிந்தது. தெரியட்டும் என்று விட்டுவிட்டாள்.

இருட்டுவதற்குள் கடைசித் துண்டும் ஏறியது. அது அவளுடைய கடை. அளவு நாடாவின் நுனி.

சனிக்கிழமை காலை இரண்டு மாணவிகள் வந்து நின்றார்கள். அண்ணன் மறுபடியும் இல்லாத பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அச்சகம், குழாயடி, பதினேழு என்று ஒவ்வொன்றாகக் கடந்து விரல் தெருக்கோடிக்கு வந்தது.

"டெய்லர் கடை. உங்களுக்குக் கடிதாசி ஒண்ணும் இல்லம்மா."

மாணவிகள் சிரித்தார்கள். அவள் குண்டூசி டப்பாவைக் கவிழ்த்து எண்ணினாள். நாற்பதும் இருந்தன, தெருவில் ஒன்றும் தங்கவில்லை. துணியை மடிக்காமல் சுருட்டி, இரு கைகளாலும் எடுத்தாள்.

"கசக்காம கொண்டு போங்கம்மா. இந்தா, பள்ளிக்கூட முனை உன் கையில."