உலைக்குள் மூச்சு

நீங்கள் நம்பாவிட்டால் போகட்டும். அன்றைய கணினிப் பதிவின் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. இது நள்ளிரவில் நடந்ததும் அல்ல. பட்டப்பகலில் நடந்தது.

என் பெயர் பவதாரணி. சரவணை என்ற ஊருக்கு அருகே ஒரு பரிசோதனை உலையில் வாயு அளவுகளைக் கவனிப்பது என் வேலை. கரி எரிக்காமல் இரும்பு எடுக்கும் உலை அது. துருவை ஆயிரத்து அறுநூறு பாகை வெப்பத்தில் உருக்கி, அதனூடே மின்சாரம் செலுத்துவோம். இரும்பு அடியில் தங்கும். துருவிலிருந்த ஒட்சிசன் குமிழியாக மேலே வரும். புகை கிடையாது. கரி எரிந்தால் வரும் காபனீரொட்சைட்டும் கிடையாது. சூரிய மின்சாரம் என்பதால் முக்கிய வேலையெல்லாம் நண்பகலில்தான்.

மார்ச் 12, புதன்கிழமை. புதிதாக வந்த துரு மூட்டையை அன்றுதான் பிரித்தோம். என்னோடு இருந்தவர் உலையை இயக்கும் சில்வெஸ்ரர் அண்ணை மட்டும்.

12.04. ஒட்சிசன் சீராக வந்துகொண்டிருந்தது.

12.11. காபனீரொட்சைட்டு அளவு திடீரென்று நூற்றுக்கு நான்கு வீதம் காட்டியது. உடனே பூச்சியம். மறுபடி நான்கு. மறுபடி பூச்சியம்.

அந்த உலையில் ஒரு கரித்துண்டுகூட இல்லை. வாயு அளக்கும் மானியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் பூட்டினேன். மாற்றமில்லை. கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். நான்கு செக்கனுக்கு ஒருமுறை ஏறியது, இறங்கியது.

பிறகுதான் உறைத்தது. மனிதர் வெளிவிடும் மூச்சில் இருப்பதும் அதே நான்கு வீதம்.

12.19. வாயு வெளியேறும் குழாயில் சத்தம். ஹ்ஹா... ஹ்ஹா...

"அண்ணை, உங்களுக்குக் கேக்குதே?"

"ஓம் பிள்ளை." அவர் உலையிலிருந்து பின்வாங்கினார். "நிப்பாட்டும்."

"இப்ப ஏலாது. உருகினது இறுகினால் உலைச் சுவர் வெடிப்பு விட்டுப்போடும். ஆறு மாச வேலை அண்ணை."

டொக்.

உலை மூடியில். உள்பக்கத்திலிருந்து.

டொக்... டொக்...

"நிப்பாட்டும் எண்டுறன்!"

12.26. மின்சாரத்தை நிறுத்தினேன். ஒட்சிசன் வருவதும் நின்றது.

மூச்சு நிற்கவில்லை.

வேகமெடுத்தது. மூன்று செக்கன்... இரண்டு... ஒன்று...

மூடி அதிர்ந்தது.

12.31. நீண்ட ஓர் இழுப்பு...

அதை வெளிவிடவில்லை.

உருகியது இறுகியதில் உலைச் சுவர் வெடிப்பு விட்டுப் பாழானது. மானியைக் கொழும்புக்கு அனுப்பிச் சோதித்தார்கள். ஒரு பிழையும் இல்லை என்று திரும்பி வந்தது. அறிக்கையில் 'காரணம் தெரியவில்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

இரண்டு கிழமை கழித்து சில்வெஸ்ரர் அண்ணை வீட்டுக்கு வந்தார். துரு எங்கிருந்து வந்தது என்று விசாரித்திருக்கிறார். குறிகட்டுவான் பக்கம் கரைதட்டிக் கிடந்த ஒரு பழைய சரக்குப் படகு. பல வருடம் பூட்டிக் கிடந்த அதன் இரும்புத் தண்ணீர்த் தாங்கியைத் திறந்து, துரு தட்டுவதற்குத் தனுஜன் என்ற பெடியன் இறங்கியிருக்கிறான். இருபத்து நான்கு வயது. அவன் உயிரோடு ஏறவில்லை; அதற்குப் பிறகு அங்கே எடுத்த துருதான் எங்களுக்கு வந்தது.

"தண்ணிக்கை அம்பிட்டவனோ?"

"இல்லைப் பிள்ளை. உள்ளுக்கை சொட்டுத் தண்ணியும் இல்லை. பூட்டிக் கிடந்த காத்திலை இருந்த ஒட்சிசன் முழுக்கத் துருப்பிடிச்சே முடிஞ்சுபோச்சுதாம். டொக்டர் சொன்னவராம். அவன் உள்ளுக்கை நிண்டு தட்டினது மேலை நிண்டவைக்குக் கேட்டதாம். துரு தட்டுறான் எண்டு நினைச்சு இருந்திட்டினம்."

அன்று மின்சாரத்தை நிறுத்தியது நான்தான்.